இடது கைக்கு ஒரு குண்டு மிஷின்

வரி விளம்பரத்தில் ‘சிறு பழுது’ என்று போட்டிருந்தால் ஒரே ஒரு பல்பு மட்டும் எரியும் என்று பொருள். ‘நல்ல நிலையில்’ என்று போட்டிருந்தால் அந்தப் பல்பும் எரியாது. ‘அபூர்வம்’ என்று போட்டிருந்தால் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட வேண்டும். ஒரு வருடம் முழுக்கப் பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தை எழுத்து விடாமல் படித்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

நான் தேடியது பின்பால் மெஷின். விளம்பரத்தில் அப்படித்தான் போடுவார்கள். எங்களுக்கு அது குண்டு மிஷின். கட்டில் நீளத்தில் நாலு கால் பெட்டி, மேலே கண்ணாடி. ஒரு கம்பியை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடும், அங்கங்கே முட்டி மணியடித்துக்கொண்டு கீழே வரும். பெட்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொத்தான். அழுத்தினால் உள்ளே இரண்டு சின்னக் கைகள் எழும்பிக் குண்டைத் திருப்பி அடிக்கும். குண்டு கீழே விழாதவரை ஆட்டம். ஆட்டம் அவ்வளவுதான், ஆனால் நின்றால் நகர மனம் வராது.

ஏற்காட்டில் துரைமார் கிளப் ஒன்று இருந்தது. அங்கே நான் பதினாலு வருடம் வேலை பார்த்தேன். பில்லியர்ட்ஸ் மேசைக்குத் துணி தைப்பதிலிருந்து ஜெனரேட்டருக்கு எண்ணெய் விடுவது வரை எல்லாம் என் தலையில். என் பெண்டாட்டி அத்தாயி அங்கே கூட்டிப் பெருக்கினாள். எங்கள் ஊர் செம்மநத்தத்திலிருந்து இரண்டு பேரும் இருட்டோடு கிளம்பி ஆறு மணிக்கெல்லாம் கிளப்பில் நிற்போம். துரைமார் எழுந்து வர ஒன்பதாகும். அந்த இடைவேளையில் அவள் கூட்டி முடித்துவிட்டு, காப்பி மூட்டைப் பலகை ஒன்றைக் காலடியில் போட்டு ஏறி நின்று, குண்டு மிஷின் ஆடுவாள். குட்டைக்காரி, பலகை இல்லாமல் எட்டாது. எட்டணா போட்டால் குண்டு ஐந்து தரம் வரும். காசுப்பெட்டிச் சாவி என்னிடம்தான். ஒரே எட்டணாவைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போட்டு வருடக்கணக்கில் ஆடினாள்.

மிஷினின் தலைமாட்டில் ஒரு பெரிய கண்ணாடி. அதில் நீச்சல் உடை போட்ட மூன்று வெள்ளைக்காரிகளின் படம். முதல் நாள் அத்தாயி அதைப் பார்த்துவிட்டுத் தரை துடைக்கிற துணியை எடுத்து மூடினாள். இரண்டு மாதத்தில் அவர்களோடு சமாதானமாகி, தீயணைக்கிற வாளிக்கு அடித்த சிவப்புப் பெயின்டில் குச்சியைத் தொட்டு, நடுவில் நின்றவளுக்கு நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். கிளப் செக்ரட்டரி கடைசிவரை அதைக் கவனிக்கவில்லை.

அவள் ஆடுகிறபோது நான் பக்கத்தில் நின்று குறை சொல்வேன். “அவசரப்படுற. அந்த அடி அடிக்கலாமா? இதெல்லாம் ஒரு ஆட்டமா?” என்பேன். துரைமாரில் ஒருவர்கூட அவள் எடுத்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஒரு நாளும் வாயைத் திறந்து நன்றாக ஆடினாய் என்று சொன்னதில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்கு அந்த வழக்கம் கிடையாது.

எழுபத்தொன்பதில் கிளப் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டது. யாரோ ஒரு வெளியூர்க்காரர் முந்நூற்று ஐம்பது ரூபாய்க்கு மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு முந்நூற்று ஐம்பது எங்களிடம் இல்லை. லாரி கொண்டை ஊசி வளைவில் மறைகிறவரை அத்தாயி கையில் துடைப்பத்தோடு நின்றாள். அப்புறம் நாங்களும் கிளப்பை விட்டுவிட்டு எங்கள் காட்டில் காப்பியும் ஆரஞ்சும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டோம்.

எண்பத்தெட்டு தை மாதம் அவளுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கால் நாலு மாதத்தில் இழுத்துக்கொண்டு நடக்கிற அளவுக்கு வந்தது. கை வரவில்லை. சேலத்து டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் நூறு தரம் பிடித்து அழுத்த வேண்டும், விரலுக்கு வேலை கொடுக்காமல் விட்டால் ஒரு வருடத்தில் கை மரக்கட்டை ஆகிவிடும் என்று சொல்லி அனுப்பினார். அத்தாயி இரண்டு நாள் அழுத்தினாள். மூன்றாம் நாள் பந்தை நாய்க்குப் போட்டுவிட்டாள்.

“ஏம்புள்ள, டாக்டர் சொன்னது காதுல ஏறலயா?”

“பொசுக்கு பொசுக்குனு அதை அமுக்கி என்னத்தக் கண்டேனுங்க? குண்டு மிஷின் இருந்தா இந்தக் கை தானா எந்திரிக்கும். எடது பக்கத்துப் பொத்தான நான் அமுக்காம வேற யாரு அமுக்குவா?”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்ததும் அவள் இடது கைச் சுட்டுவிரல் மடியில் கிடந்தபடி லேசாக ஆடியது. நான் கண்ணால் பார்த்தேன். டாக்டருடைய பந்துக்கு ஆடாத விரல். அன்றைக்கே ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்குக்குப் போனேன்.

ஒண்டிக்கடையில் செல்வராஜ் டீக்கடை வைத்திருந்தான். ஊருக்கு வருகிற பத்திரிகை எல்லாம் அவன் கடைக்கு வரும். வியாழக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வருகிற விளம்பரப் பக்கத்தை எனக்காக எடுத்து வைக்கச் சொன்னேன். மிஷின் என்றால் எது கிடைத்தாலும் சரி என்றுதான் அப்போது நினைத்தேன். அப்புறம் தொடங்கியது என் வயிற்றெரிச்சல். பெங்களூரில் ஒரு மிஷின் பதினையாயிரம். ஊட்டியில் ஒன்று, கால் இல்லை, கண்ணாடி இல்லை, ஏழாயிரம். காலும் கண்ணாடியும் இல்லாவிட்டால் அது மிஷினா, சவப்பெட்டியா? சேலத்தில் ஒரு லாட்ஜில் இருக்கிறது, நல்ல நிலையில், ஆறாயிரம் என்று பார்த்துப் பஸ் ஏறிப் போனேன். மொட்டை மாடியில் வைத்திருந்தார்கள். மூடியைத் தூக்கினால் உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. “கோழியைச் சேத்தா ஆறாயிரம்?” என்று கேட்டேன். லாட்ஜ்காரர் சிரிக்கவில்லை. “அமெரிக்கா சாமானுங்க. இன்னும் ரெண்டு வருசம் போனா பத்தாயிரத்துக்குப் போவும்” என்றார். துருவுக்கு விலை சொல்கிற தைரியத்தை நான் வேறு எந்த வியாபாரத்திலும் பார்த்ததில்லை.

“ஏனுங்கண்ணா, அந்தக் காசுக்கு ரெண்டு கறவ மாடு வாங்கிக் கட்டலாமுங்க. கன்னுக்குட்டியும் சேந்து வரும்” என்பான் செல்வராஜ்.

“கன்னுக்குட்டி அத்தாயியோட கையை எழுப்புமாடா?” என்பேன். அவன் டீ ஆற்றப் போய்விடுவான்.

இதற்கிடையில் மிளகு விற்று, காட்டில் இருந்த ஐந்து சில்வர் ஓக் மரத்தையும் வெட்டி விற்றுவிட்டேன். பணம் டிரங்குப் பெட்டியில் தயாராக இருந்தது. மிஷின்தான் இல்லை.

எண்பத்தொன்பது சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வந்தது. நாலு வரி. ‘பின்பால் மெஷின். அமெரிக்கத் தயாரிப்பு. முன்பு ஏற்காடு கிளப்பில் இருந்தது. ரூ. 9,000. தொடர்புக்கு: லூர்துராஜ்’ என்று போட்டுக் கீழே சென்னை பெரம்பூர் விலாசம். செல்வராஜ் கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்த நாலு வரியைப் பத்துத் தரம் படித்திருப்பேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

அது நம் மிஷின்தானா என்று தெரிந்துகொள்ள முதலில் ஒரு கார்டு போட்டேன். தலைமாட்டுக் கண்ணாடியில் என்ன படம், அதில் ஏதாவது கறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். எட்டாம் நாள் பதில் வந்தது. அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. லூர்துராஜ் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பிள்ளைகள் ஆடுவதற்காக வாங்கினாராம், இப்போது பேரப்பிள்ளைகள் ஆடுகிறார்களாம், வீட்டில் இடம் போதாததால் விற்கிறாராம். ‘மூன்று பெண்கள் படம் உள்ளது. நடுவில் நிற்கும் பெண்ணின் நெற்றியில் சிவப்பாக ஒரு புள்ளி இருக்கிறது. துடைத்துப் பார்த்தோம், போகவில்லை’ என்று எழுதியிருந்தார்.

நான் அதைப் படித்துக் காட்டியதும் அத்தாயி வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “போவாதுங்க. வாளிப் பெயின்ட்டு, எப்படிப் போவும்?” என்று சொல்லிவிட்டு அழுதாள். விழுந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாயங்காலமே கேழ்வரகு மூட்டையை எல்லாம் மேலே அட்டாலிப் பரணுக்கு ஏற்றச் சொல்லி, மிஷினுக்கு இடம் ஒதுக்கினாள். ஆள் வைத்துச் சுவரில் பிளக் பாயின்ட் போட்டேன். அவள் கட்டிலை அந்தப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னாள். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். போர்வைக்குள்ளே அந்தச் சுட்டுவிரல் ஆடிக்கொண்டிருக்கும். இப்போது நடுவிரலும் சேர்ந்து ஆடியது.

பணம் பெட்டியில் இருக்கிறது. மனிதர் விலாசம் கையில் இருக்கிறது. புத்தி உள்ளவன் அன்றைக்கு ராத்திரியே ரயில் ஏறியிருப்பான். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரு பொருளை வாங்குவதென்றால் அதைக் குறை சொல்ல வேண்டும். மாட்டுச் சந்தையில் பிடித்த மாட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்க வேண்டும். கொம்பு கோணல், பல் தேய்ந்துவிட்டது, சுழி சரியில்லை, இதை ஓட்டிக்கொண்டு போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்று அடுக்க வேண்டும். விற்கிறவனுக்கு அது நன்றாகப் புரியும். குறை சொல்லாமல் நல்ல மாடு என்று சொல்லிவிட்டுப் போகிறவன் வாங்க வந்தவனில்லை என்று அவனுக்குத் தெரியும். எத்தனைக்கெத்தனை குறை சொல்கிறோமோ அத்தனைக்கத்தனை ஆசை என்று கணக்குப் போட்டுக்கொண்டு அவன் சிரித்துக்கொண்டே நிற்பான். கல்யாணத்துக்கும் இதே பேச்சுத்தான். எங்கள் மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுக்க வேண்டும். அத்தாயியைப் பார்க்கப் போனபோது என் அப்பா அவர்கள் வாசலில் நின்று, “புள்ள குட்ட, காப்பிப் பழம் பறிக்க ஏணி வெக்கோணும். நெறமும் கம்மி. முன்பல்லு வேற எட்டிப் பாக்குது” என்றார். அவள் அப்பா முகம் மலர்ந்து உள்ளே போய் வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தார். இவர்கள் விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வழக்கத்தில்தான் நான் பேனாவை எடுத்தேன். கேட்ட விலையை அப்படியே தூக்கிக் கொடுப்பது எங்களுக்குத் தெரியாது. அதுவும் முந்நூற்று ஐம்பதுக்குப் போன பொருளுக்கு ஒன்பதாயிரம் என்றால் வயிறு எரியாதா? ஒரு வருடமாக விளம்பரக்காரர்கள் மேல் இருந்த ஆத்திரம் முழுக்க அந்த ஒரு கடிதத்தில் இறங்கியது.

‘ஐயா, அந்தக் கிளப்பில் பதினாலு வருடம் அந்த மிஷினைப் பழுது பார்த்தவன் நான். அதன் லட்சணம் என்னைவிட யாருக்கும் தெரியாது. அடிப்பலகையைச் செல் அரித்துவிட்டது. இடது பக்கத்துக் கை எப்போதும் சோம்பல். உள்ளே வயர் எல்லாம் இற்றுப்போய் எங்கள் காலத்திலேயே ஷாக் அடிக்கும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் வைக்கிற சாமானே அல்ல. ஒன்பதாயிரம் இல்லை, ஒன்பது ரூபாய்க்குக்கூட ஒருவரும் வாங்க மாட்டார்கள். விறகுக்குத்தான் ஆகும். ஆனாலும் பழகின தோஷத்துக்கு நான் இரண்டாயிரம் தருகிறேன்.’

ஷாக் அடிக்கும் என்பது பச்சைப் பொய். பதினாலு வருடத்தில் அந்த மிஷின் ஓர் ஈயைக்கூடத் தொட்டதில்லை. நான் நினைத்தது இதுதான்: அவர் எட்டாயிரம் என்பார், நான் மூன்று என்பேன், கடைசியில் ஐந்திலோ ஆறிலோ வந்து நிற்கும். நேரில் போனால் ஆசை முகத்தில் தெரிந்துவிடும் என்றுதான் போகவில்லை. தபால் பெட்டியில் போட்டபோது நல்ல கடிதம் எழுதியிருக்கிறோம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நாள் பதில் இல்லை. பேரத்துக்குப் பிகு பண்ணுகிறார், நல்லது என்று நினைத்துக்கொண்டேன். பதினைந்து நாள் ஆனது. அத்தாயி தினமும் கேட்டாள். “இருக்கட்டும், நாமளா எறங்கக் கூடாது” என்றேன்.

சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் தபால்காரர் நல்லமுத்து வந்தார். ஒரு சின்னப் பார்சலும் அதோடு ஒரு கடிதமும். பார்சல் கையில் கனத்தது. அத்தாயி கட்டிலிலிருந்து, “லாரி என்னைக்கு வருதுன்னு எழுதியிருக்காருங்களா?” என்று கேட்டாள். நான் வாசலில் நின்றே படித்தேன்.

‘அன்புள்ள அங்கப்பன் அவர்களுக்கு, தங்கள் கடிதம் கண்டேன். விற்பவன் மனம் கோணுமே என்று பாராமல் உள்ளதை உள்ளபடி எழுதிய தங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன். ஒன்பதாயிரம் என்று விலை போட்டது என் மருமகன். எனக்கு அந்த மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. தாங்கள் சொல்லியிராவிட்டால், ஷாக் அடிக்கும் பொருளை யார் வீட்டுக்கோ விற்ற பாவம் எனக்கு வந்திருக்கும். என் பேரப்பிள்ளைகள் தினமும் அதில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நடுங்குகிறது. கடிதம் வந்த அன்றே வயரைப் பிடுங்கிவிட்டு, பழைய இரும்புக்காரரை அழைத்து, வாசலிலேயே உடைத்து எடுத்துப் போகச் செய்துவிட்டேன். இறக்கும்போது படம் போட்ட கண்ணாடியும் உடைந்துவிட்டது. பயனில்லாத பொருளுக்குத் தங்களிடம் இரண்டாயிரம் வாங்குவது தர்மம் ஆகாது. தாங்கள் பழகிய பொருள் என்பதால் அதன் குண்டை மட்டும் எடுத்து வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தங்களைப் போன்ற நேர்மையானவர்களைக் காண்பது அரிது.’

நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் அடித்துக்கொள்ளக்கூட எனக்குக் கை வரவில்லை. ஒன்பதாயிரமும் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அவர் கேட்ட விலையைக் கேட்டபடி கொடுத்திருந்தால் அந்த மனிதர் வாங்கிக்கொண்டு அதில் ஓர் ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்திருப்பார். நல்ல மனிதர். அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

“என்னாச்சுங்க? ஏனுங்க, சொல்லுங்க!”

உள்ளே போய்ச் சொன்னேன். அவருடைய கடிதத்தை முழுக்கப் படித்தேன். அத்தாயி சுவரில் புதிதாகப் போட்ட பிளக் பாயின்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நீங்க என்ன எழுதுனீங்க? அதைச் சொல்லுங்க” என்றாள்.

எனக்கு மனப்பாடம். செல் அரித்த பலகையில் தொடங்கி விறகு வரை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எங்கூட்டு வாசல்ல உங்கப்பா சொன்னது மூணே குறதான்” என்றாள். “நீங்க இத்தன சொல்லியிருக்கீங்க. அப்ப நொம்ப ஆசப்பட்டிருக்கீங்க.”

நான் தலையை ஆட்டினேன்.

“அவரு மெட்ராசுக்காரரு. அவருக்கு எப்படிங்க தெரியும்?”

பார்சலைப் பிரித்தேன். பருத்தித் துணியில் சுற்றி, அழகாக நூல் கட்டி வைத்திருந்தார். குண்டு துளி துரு இல்லாமல் பளபளத்தது. அதை அவள் இடது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக என் கையால் மடக்கி மூடினேன். “புடி அத்தாயி. இதையாச்சும் புடி” என்றேன். பிடிக்கப் பார்த்தாள். நெற்றியில் வியர்த்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் என் கையை எடுத்தேன். விரல்கள் அப்படியே திறந்துகொண்டன. குண்டு தரையில் விழுந்து, சாணி மெழுகின தரையில் மெதுவாக உருண்டு, மிஷினுக்கென்று ஒதுக்கி வைத்த இடத்தைத் தாண்டிச் சுவரோரமாகப் போய் நின்றது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம். அந்தச் சுட்டுவிரல் ஆடவில்லை. அதற்கப்புறம் ஒரு நாளும் ஆடவில்லை.

நான் கட்டில் சட்டத்தில் தலையை வைத்து அழுதேன். இந்த ஐம்பது வயது வரைக்கும் நான் அப்படி அழுதது கிடையாது. அவள் நல்ல கையை என் தலைமேல் வைத்தாள். அவளிடம் எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. இருபத்தெட்டு வருடமாகச் சொல்லாத ஒன்று. வாயைத் திறந்தால் எனக்குத் தெரிந்த பேச்சுத்தான் வந்தது.

“நீ ஒரு நாளாவது ஒழுங்கா ஆடுனதில்ல” என்றேன்.

“தெரியுமுங்க” என்றாள் அத்தாயி.